இஃப்புக்குள் இஃப் குற்றமல்ல

“லூப்புக்குள்ள மூணு இஃப்புக்கு மேல போச்சுன்னா அந்த கோடே தப்பு.” எக்செல் மேக்ரோ கற்றுத்தரும் இடங்களில் இன்று வேதவாக்காகச் சொல்லப்படுவது இது. இஃப்புக்குள் இஃப், அதற்குள் இன்னொரு இஃப் என்று வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும் நிரலுக்கு ‘அம்புக்குறி நிரல்’ என்று பட்டப்பெயர் வேறு. அதைத் தட்டையாக்கு, ஆண்ட் போட்டு ஒரே வரியில் சேர், சேராததை கோ டு போட்டுத் தாண்டு, நாற்பது வரி பன்னிரண்டு ஆனால் எளிமை வந்துவிட்டது. வேலை கேட்டு வரும் பிள்ளைகள் இதைத்தான் ஒப்பிக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் பழைய மேக்ரோவை ஒட்டி ‘எளிமையாக்கிக் கொடு’ என்று கேட்டால், பல சமயம் அதுவும் இதையே செய்து தருகிறது.

நான் இதை மறுக்கிறேன். திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு மேக்ரோ எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். இந்த உபதேசத்தால் கெட்டுப்போன ஷீட்டுகளைச் சரிசெய்தே என் வேலை நாட்களில் பாதி போகிறது. இஃப்புகள் ஆழமாகப் போவது நோய் அல்ல. எந்தக் கேள்வியை முதலில் கேட்பது, எதை அதற்குப் பிறகு கேட்பது என்ற முறை அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. தட்டையாக்கும்போது முதலில் சாவது அந்த முறை. அதிலும் மேக்ரோ எழுதும் விபிஏ மொழியில் தட்டையாக்கிய நிரல் பல சமயம் பழைய நிரல் செய்த வேலையைச் செய்வதே இல்லை. அதைச் செய்வதாக நம்பித்தான் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தத்தை எடுத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிடச் சின்ன விதி இல்லை. தொழிலாளியிடம் முக்கால் சதவீதம், நிறுவனத்திடம் மூன்றேகால் சதவீதம். 2019 ஜூலையில் வந்த விகிதம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் பிடி, தாண்டினால் விடு. 2017 ஜனவரியில் வந்த வரம்பு. ஒரே ஒரு இஃப் போதும் போலத்தான் தெரியும்.

டைம் ஆபீஸில் உட்கார்ந்து பட்டியல் போடுகிறவரைக் கேளுங்கள். வரம்பைப் பார்க்கும்போது ஓ.டி. சம்பளத்தைச் சேர்க்கக் கூடாது. பிடித்தம் போடும்போது அதே ஓ.டி.யைச் சேர்த்தே போட வேண்டும். ஆக, ஒரே விதிக்குள் ‘சம்பளம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். அடுத்தது, ஏப்ரலில் வரம்புக்குள் இருந்த ஒருவருக்கு ஜூலையில் சம்பளம் கூடி 21,000-ஐத் தாண்டினாலும் செப்டம்பர் முடியும்வரை பிடித்தாக வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று பங்களிப்புக் காலம் இரண்டு. உள்ளே இருப்பவர் நடுவில் வரம்பு தாண்டினார் என்பதற்காக வெளியே போக முடியாது. ஆனால் ஜூலையில் புதிதாகச் சேரும்போதே 22,000 வாங்குகிறவர் உள்ளே வரவே மாட்டார். இருவருக்கும் அந்த மாதச் சம்பளம் வரம்புக்கு மேல்தான்; ஒருவருக்குப் பிடித்தம் உண்டு, மற்றவருக்கு இல்லை. சராசரி நாள் கூலி 176 ரூபாயைத் தாண்டாதவரிடம் ஒரு காசும் பிடிக்கக் கூடாது. நிறுவனம் மட்டும் தன் பங்கைக் கட்ட வேண்டும்.

இந்தக் கேள்விகள் தோளோடு தோள் நிற்பவை அல்ல. ஒன்றின் விடை வந்த பிறகுதான் அடுத்தது பிறக்கிறது. இந்தக் காலத்தில் ஏற்கெனவே உள்ளே இருக்கிறாரா என்று கேட்டு, இல்லை என்று விடை வந்தால்தான் வரம்பைக் கேட்பதற்கே அர்த்தம். உள்ளே வந்துவிட்டார் என்று முடிவான பிறகே நாள் கூலிக் கேள்வி. இதை அப்படியே நிரலாக எழுதினால் இஃப்புக்குள் இஃப் வரத்தான் செய்யும். அது எழுதுகிறவரின் சோம்பேறித்தனம் அல்ல, விதியே அப்படித்தான் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

மூன்று இஃப்புகளை அடுக்கினால் மூன்று எல்ஸ் கிடைக்கும். முதல் எல்ஸில் ‘இன்சூரன்ஸ் எண் இல்லை’ என்று எழுதலாம். இரண்டாவதில் ‘சம்பளம் வரவில்லை, பார்க்கவும்’. மூன்றாவதில் ‘வரம்பு தாண்டியவர்’. மூன்றையும் ஆண்ட் போட்டு ஒரே இஃப்பாகச் சேர்த்தால் எல்ஸ் ஒன்றுதான் மிஞ்சும். மூன்று வெவ்வேறு ‘இல்லை’களும் ஒரே ‘இல்லை’யாகக் குழம்பிவிடும். எண் வாங்காத தொழிலாளியும், வருகைப் பதிவு ஏறாத தொழிலாளியும், மேலாளர் சம்பளம் வாங்குகிறவரும் ஒரே சுழியத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். இருபது வரி குறைந்தது உண்மைதான். அந்த இருபது வரியில் இருந்தது இந்த வேறுபாடு.

ஒரு நிறுவனத்தில் நான் எழுதிக் கொடுத்த மேக்ரோவுக்கு இதுதான் நடந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பட்டதாரி ஒருவர், கற்ற பாடத்தின்படி அதைச் சுத்தம் செய்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நல்ல உழைப்பாளி; சொல்லிக் கொடுத்ததை நம்பினார். நாற்பது வரி பதினொன்று ஆனது. எண் இருக்கிறது ஆண்ட் சம்பளப் பத்தியில் பிழை இல்லை ஆண்ட் ஓ.டி. நீங்கலான சம்பளம் 21,000-க்குள் இருக்கிறது, அப்படியானால் பிடி, இல்லாவிட்டால் சுழியம். ‘ஏற்கெனவே உள்ளே இருக்கிறாரா’ என்ற கேள்வி வரம்புக் கேள்வியைச் சுற்றி வெளியே நின்ற இஃப். ஆண்ட் வரிசையில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. தேவையற்றது என்று நினைத்துக் கழற்றிவிட்டார்.

ஜூலைப் பட்டியலில் 20,400 ரூபாயிலிருந்து 21,600 ரூபாய்க்கு உயர்ந்த கட்டிங் மாஸ்டர் ஒருவரின் பிடித்தம் நின்றது. அவருக்கு மாதம் 162 ரூபாய் மிச்சம். யாரும் புகார் சொல்லவில்லை. ஆனால் நோய்க்கால உதவித்தொகை வேண்டுமென்றால் அந்தப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது பங்களிப்பு இருக்க வேண்டும். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் மாதத்துக்கு 26 நாள் வீதம் ஒரு நாள்கூட விடாமல் வந்திருந்தால் சரியாக 78. அவர் மே மாதம் ஊர்த் திருவிழாவுக்கு நான்கு நாள் விடுப்பில் போயிருந்தார். ஜூலையிலிருந்து பிடித்தம் நின்றது நின்றபடியே போயிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை அவர் படுக்கையில் விழுந்தாலும் கூலியில் 70 சதவீதம் என்ற அந்த உதவி கிடைத்திருக்காது. ஒரு இஃப்பைக் கழற்றியதன் விலை அது. நிரல் எவ்வளவு அழகாக இருந்தது என்பதைப் பற்றி அந்த மனிதரிடம் போய் என்ன பேசுவது?

அதே ஷீட்டில் இதைவிட ஆழமான கோளாறு ஒன்று இருந்தது. அது விபிஏ மொழியின் இயல்பிலிருந்து வருவதால் எல்லோருக்கும் வரும்.

சி, ஜாவா, பைதான் ஆகிய மொழிகளில் ‘இதுவும் அதுவும்’ என்று இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தால், முதலாவது பொய் என்றானதும் இரண்டாவதைக் கணினி தொடாது. அந்த மொழிகளில் இரண்டு இஃப்புகளை ஒன்றாகச் சேர்ப்பது பெரும்பாலும் பாதுகாப்பானது. விபிஏ அப்படியல்ல. 1993-இல் எக்செல் 5-உடன் வந்த நாளிலிருந்து இன்றுவரை, அதன் ஆண்ட் இரண்டு பக்கத்தையும் கணக்கிட்டுத்தான் முடிவு சொல்லும். முதல் பக்கம் பொய்யா மெய்யா என்பது அதற்குப் பொருட்டே அல்ல. ‘செல்லில் பிழை இல்லை ஆண்ட் செல்லின் மதிப்பு 21,000-க்குள்’ என்று எழுதினால், செல்லில் பிழை இருக்கும்போதும் அந்தப் பிழையை 21,000-உடன் ஒப்பிடப் போகும். ‘டைப் மிஸ்மேட்ச்’, பிழை எண் 13 என்று சொல்லி நின்றுவிடும். இஃப்புக்குள் இஃப்பாக எழுதியிருந்தால் வெளி இஃப் கதவைச் சாத்தியிருக்கும். உள்ளே போகவே போகாது. அம்புக்குறி என்று பழிக்கிறார்களே, அந்த வடிவம் விபிஏவில் ஒரு காவல்.

டாட்நெட் வந்த 2002-இல் விஷுவல் பேசிக்குக்கு ‘ஆண்ட்ஆல்சோ’, ‘ஆர்எல்ஸ்’ என்று இரண்டு புதுச் சொற்களை மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. முதல் பக்கத்திலேயே விடை தெரிந்தால் அங்கேயே நின்றுவிடும் ‘ஆண்ட்’, ‘ஆர்’ அவை. இந்தக் குறையை மொழியை உருவாக்கியவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் எக்செலுக்குள் இருக்கும் விபிஏவுக்கு அவை வரவில்லை. ‘ஐஐஃப்’ என்ற ஒருவரிக் குறுக்கு வழியும் இதே கதைதான்: நிபந்தனை எதுவானாலும் இரண்டு விடைகளையும் கணக்கிட்டுவிட்டுத்தான் ஒன்றைத் திருப்பித் தரும். சுழியத்தால் வகுப்பதைத் தவிர்க்க ஐஐஃப் எழுதியவர்கள் அந்த ஐஐஃப்பாலேயே சுழியத்தால் வகுத்த கதைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

ஆண்ட் என்பதற்கு இன்னொரு குணமும் உண்டு. அது எண்களை இரும இலக்கம் இலக்கமாக ஒப்பிடும். ஷிஃப்ட் குறிப்பில் ‘ஓடி நைட்’ என்று ஆங்கில எழுத்தில் இருக்கிறது. ‘ஓடி’ எங்கே வருகிறது என்று இன்ஸ்டர் ஃபங்ஷனால் தேடினால் 1 என்று சொல்லும். ‘நைட்’ எங்கே என்று தேடினால் 4. இரண்டும் சுழியம் அல்ல, ஆகவே இஃப்புக்குள் இஃப்பாக எழுதினால் இரண்டும் மெய், இரவு ஓ.டி. படி கிடைக்கும். ஒரே வரியில் ஆண்ட் போட்டுச் சேருங்கள். 1 ஆண்ட் 4 என்பது சுழியம். பொய். படி போச்சு. பிழைச் செய்தி எதுவும் வராது. இரண்டு தேடலுக்கும் பக்கத்தில் ‘சுழியத்தைவிடப் பெரியது’ என்று எழுதியிருந்தால் தப்பியிருக்கும். அதை எழுதாத பழைய நிரல் ஆண்டாண்டாகச் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. சேர்த்த நாளில்தான் உடைந்தது.

அந்தப் பட்டதாரியின் ஷீட்டுக்குத் திரும்புகிறேன். 87-ஆவது ரோவில் ஒரு பெண் தொழிலாளி. அவருடைய பணியாளர் எண் எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் பதிவாகியிருந்தது. செல்லின் மூலையில் பச்சை முக்கோணம் தெரியும், யாரும் கவனிப்பதில்லை. விலுக்அப் அவரைக் கண்டுபிடிக்கவில்லை. சம்பளப் பத்தியில் என்/ஏ பிழை. ஆண்ட் போட்ட இஃப் அங்கே போய் 13-ஆம் பிழையில் நின்றது. சம்பள நாள் நெருங்கிவிட்டது. பட்டதாரி மேலே ஒரு வரி சேர்த்தார்: ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட். பிழை வந்தால் அடுத்த வரிக்குப் போ. மேக்ரோ சத்தமில்லாமல் ஓடி முடிந்தது.

என்ன நடந்தது என்று வரிவரியாகப் பாருங்கள். 86-ஆவது ரோவில் 20,400 ரூபாய் சம்பளம், பிடித்தம் 153 ரூபாய் கணக்காகி அந்த மாறியில் உட்கார்ந்தது, செல்லில் எழுதப்பட்டது. லூப் 87-க்கு வந்தது. இஃப் வரியிலேயே பிழை. ரெஸ்யூம் நெக்ஸ்ட் இருக்கிறதே. அடுத்த வரிக்குப் போனது. இஃப்புக்கு அடுத்த வரி எது? இஃப்புக்கு உள்ளே இருக்கும் முதல் வரி! நிபந்தனை பொய்யானால் நுழையக் கூடாத வீட்டுக்குள், நிபந்தனை உடைந்ததால் நுழைந்துவிட்டது. அங்கே ‘பிடித்தம் என்பது சம்பளம் பெருக்கல் முக்கால் சதவீதம்’ என்ற வரி. சம்பளம் பிழை மதிப்பு, அதுவும் உடைந்தது. அடுத்த வரிக்குப் போனது. மாறியில் பழைய 153 அப்படியே இருந்தது. அடுத்த வரி அதை 87-ஆவது ரோவில் எழுதியது. யாரோ ஒருவரின் பிடித்தம் அந்தப் பெண்ணின் பெயரில் ஏறியது. லூப்புக்குள்ளேயே அந்த மாறியை டிம் செய்திருந்தாலும் பயனில்லை. விபிஏவில் ஒவ்வொரு சுற்றுக்கும் டிம் புதிதாகத் துடைத்துத் தராது.

இதில் எந்த வரியும் தனியாகப் பார்த்தால் தப்பாகத் தெரியாது. சேர்த்த இஃப் சுருக்கம், ரெஸ்யூம் நெக்ஸ்ட் அவசரம், மாறி வழக்கமான இடத்தில். ஆனால் தொடக்கம் எங்கே? ஒரு காவலை எடுத்ததில்.

இந்த ‘மூன்றுக்கு மேல் கூடாது’ என்ற விதி எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். லினக்ஸ் கெர்னலின் எழுத்து நடைக் குறிப்பில் மூன்று அடுக்குக்கு மேல் உள்தள்ளல் போனால் நிரலைத் திருத்து என்ற கண்டிப்பு இருக்கிறது. நல்ல விதி, அந்த இடத்துக்கு. அங்கே மொழி சி. முதல் பக்கம் பொய்யானால் நின்றுவிடும் நிபந்தனை இருக்கிறது. லூப்பில் அடுத்த சுற்றுக்குத் தாவ ‘கன்டின்யூ’ இருக்கிறது. விபிஏவில் இரண்டும் இல்லை. அந்தக் கருவிகளை நம்பி எழுதிய விதியை, கருவிகளே இல்லாத மொழிக்குத் தூக்கிக்கொண்டு வந்து திணிக்கிறார்கள்.

எண்ணிக்கை காட்டி மிரட்டுகிறவர்களும் உண்டு. தாமஸ் மக்கேப் 1976-இல் வகுத்த சிக்கல் அளவையைச் சொல்லி, பத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள். அந்த அளவை இஃப்புகள் எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்பதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. பாதை எங்கெங்கே பிரிகிறது என்பதை மட்டும்தான் எண்ணுகிறது. ஆண்ட் போட்டுச் சேர்த்த நிபந்தனையை இரண்டாகவே எண்ண வேண்டும் என்பதும் மக்கேப் சொன்னதுதான். ஆகவே சேர்ப்பதால் அந்த எண் குறைவதில்லை, நிரல் பார்வைக்கு மட்டும்தான் குட்டையாகிறது.

இன்னொரு ஊற்றுக்கண் நம் ஷீட்டின் ஃபார்முலா பட்டை. 2003 வரையிலான எக்செலில் ஒரு ஃபார்முலாவுக்குள் ஏழு இஃப்புதான் அடுக்க முடியும். 2007-இல் அது 64 ஆனது. ஒரே வரியில், அடைப்புக்குறிகளின் குவியலாக, எங்கே எது முடிகிறது என்று தெரியாமல் அறுபது இஃப்பை அடுக்கியவர்களைப் பார்த்து வந்த பயம் நியாயமானது. அதைப் படிக்க முடியாது. ஆனால் மேக்ரோவில் ஒவ்வொரு இஃப்பும் தன் வரியில் நிற்கிறது. பக்கத்தில் குறிப்பு எழுதலாம். எண்ட் இஃப் எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். ஃபார்முலாவில் சூடு கண்ட பூனை மேக்ரோவிலும் பயப்படுகிறது.

வேகத்தைப் பற்றிச் சொல்வதிலும் உண்மை இல்லை. அடுக்கு இஃப்பால் லூப் மெதுவாகிறது என்கிறார்கள். நேரத்தைத் தின்பது ஷீட்டிலுள்ள செல்லை ஒவ்வொரு தடவையும் போய்த் தொட்டுவிட்டு வருவது. ரேஞ்சை ஒரே மூச்சில் வேரியன்ட் அணியில் ஏற்றி, கணக்கை அங்கேயே முடித்து, மொத்தமாகத் திருப்பி எழுதினால் ஐந்து அடுக்கு இஃப் இருந்தாலும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். போதாததற்கு, விபிஏவில் அடுக்கு இஃப்தான் தேவையற்ற கேள்விகளைக் கேட்காமல் விடுகிறது. ஆண்ட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டே நகரும்.

கோ டு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே எதிர்த்தரப்புக்கு ஓரளவு நியாயம் இருக்கிறது. லூப்பின் தொடக்கத்திலேயே ‘ரோ காலியாக இருக்கிறதா, அடுத்த ரோவுக்குப் போ’ என்று தாண்டிவிட்டால் மீதி நிரல் ஓர் அடுக்கு இடப்பக்கம் வரும். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968-இல் கோ டுவைக் கண்டித்து எழுதிய கடிதத்தைக் காட்டி இதைத் தடுக்க எனக்கு மனமில்லை. கன்டின்யூ இல்லாத மொழியில், லூப்பின் கடைசியில் இருக்கும் ஒரே ஒரு லேபிளுக்குத் தாவுவதைப் பெரிய பாவம் என்று சொல்ல மாட்டேன். தலைப்பு ரோ, காலி ரோ, மொத்தம் எழுதிய ரோ, இவை கணக்குக்கே சம்பந்தமில்லாதவை. தாண்டட்டும்.

சம்பந்தம் உள்ள ரோவையும் அப்படித் தாண்டும்போதுதான் எனக்குப் பதறுகிறது. சம்பளப் பத்தியில் பிழையா, அடுத்த ரோ. எண் இல்லையா, அடுத்த ரோ. அந்த மனிதர் பட்டியலில் இருக்கிறார், கணக்கில் இல்லை. ஏன் இல்லை என்று எங்கும் எழுதப்படவில்லை. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் 65,536 ரோவுக்கு மேல் இடமில்லை என்பதுதான் காரணம். அங்கே குற்றவாளி இஃப் அல்ல. ஆனால் நோய் இதேதான்: ரோ விழுந்துவிட்டது, விழுந்த சத்தம் கேட்கவில்லை. அவர்களோடு நெருங்கிப் பழகியவர்களைத் தேடிப் பிடித்து எச்சரிக்கும் வேலை அதனால் நாள்கணக்கில் தாமதமானது. விட்டுப்போன ரோவைப் போலக் கொடியது கணக்கில் வேறில்லை. தப்பான எண்ணை யாராவது ஒருவர் பார்த்துப் பிடிப்பார், இல்லாத எண்ணை யார் பார்ப்பது?

அப்படியானால் எதையும் எளிமையாக்கவே வேண்டாமா? வேண்டும். நான் எழுதிய பழைய மேக்ரோக்களிலேயே குறைக்க வேண்டிய இஃப்புகள் ஏராளம். ஆனால் குறைக்க வேண்டியது எது என்பதில்தான் என் சண்டை.

அடுக்கு வரி, அதாவது ஸ்லாப், எதுவும் இஃப்பில் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் தொழில் வரியை அரையாண்டுக்கு ஒரு தடவை பிடிக்கிறோம். அரையாண்டு வருமானம் 21,000 வரை வரி இல்லை. அதற்கு மேல் படிப்படியாக ஏறும். ஓர் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவே வரம்பு போட்டிருக்கிறது. இந்தப் படிகளை எல்ஸ்இஃப், எல்ஸ்இஃப் என்று நிரலில் எழுதி வைப்பது அறியாமை. அவை விதியின் முறை அல்ல, வெறும் அட்டவணை. ஷீட்டில் இரண்டு பத்தியில் போட்டு, மேக்ரோவைப் பார்த்துப் படிக்கச் சொல்லுங்கள். உள்ளாட்சி மன்றம் தொகையை மாற்றினால் கணக்கர் தானே மாற்றிக்கொள்வார். என்னைக் கூப்பிட வேண்டாம். இங்கே ஆறு இஃப் ஒன்றுகூட இல்லாமல் ஒழிவது உண்மையான எளிமை.

ஒரே ஒரு மதிப்பைப் பார்த்துப் பிரியும் இடத்தில், ஷிஃப்ட் ஏ, பி, சி என்பது போல, செலக்ட் கேஸ் போதும். லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் மாறாத கேள்வி, இது எந்த மாதம், பங்களிப்புக் காலம் எது என்பது போன்றவை, லூப்புக்கு வெளியே போக வேண்டும்; ஆயிரம் தொழிலாளிக்கு ஆயிரம் தடவை கேட்பது வீண். பிறகு இ.எஸ்.ஐ.க்கான நான்கு அடுக்கு இஃப்பையும் அப்படியே ஒரு தனி ஃபங்ஷனுக்குள் எடுத்து, ‘இஎஸ்ஐ பொருந்துமா’ என்று பெயர் வையுங்கள். லூப் மூன்று வரியாகிவிடும். அடுக்கு குறையவில்லை, ஆனால் அதற்கு ஒரு வீடும் வாசலில் பெயர்ப்பலகையும் கிடைத்துவிட்டது. வரம்பைச் சோதிக்க வேண்டுமென்றால் அந்த ஃபங்ஷனுக்கு மட்டும் 20,999, 21,000, 21,001 என்று கொடுத்துப் பார்க்கலாம். முழுப் பட்டியலையும் ஓட்ட வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பாதையும் ஒரு சொல்லையாவது எழுதிவிட்டுப் போக வேண்டும். நான் எழுதும் எந்தச் சம்பள மேக்ரோவிலும் கடைசிப் பத்தியின் தலைப்பு ‘காரணம்’. பிடித்தம் சுழியமா, ஏன் சுழியம் என்று அதே ரோவில் இருக்கும். எல்ஸ் இல்லாத இஃப்பை நான் எழுதுவதில்லை. இதனால் நிரல் நீளும், நீளட்டும். சம்பள நாளன்று ஜன்னலில் வந்து நிற்கும் தொழிலாளிக்கு விடை சொல்ல வேண்டியது அந்தப் பத்திதான்.

அந்த நிறுவனத்துக்கு நான் மறுபடி போனது ஆகஸ்ட் 13-ஆம் தேதி. 15-ஆம் தேதிக்குள் ஜூலைச் சலான் கட்ட வேண்டும். கணினியைத் திறக்கவில்லை. அந்தப் பட்டதாரியையும், இருபது வருடமாக டைம் ஆபீஸ் பார்க்கும் பெரியவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பழைய மஸ்டர் தாளின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதச் சொன்னேன். எந்த மொழியும் வேண்டாம். பெரியவர் ஒரு ஆளைப் பார்த்து என்னென்ன கேட்பாரோ, எந்த முறையில் கேட்பாரோ, அப்படியே. எண் இருக்குதா. சம்பளம் வந்திருக்குதா. ஏப்ரல்லயே உள்ள இருந்தானா. இல்லைன்னா ஓ.டி. போக எவ்வளவு. கட்டிங் மாஸ்டரின் பெயருக்கு வந்ததும் பட்டதாரி பேச்சை நிறுத்திவிட்டார். எதைக் கழற்றினோம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

பெரியவர் வரம்பை எழுதும் இடத்தில் பேனாவை நிறுத்தினார். “நம்ம செக்கிங்ல காது கேக்காத பையன் ஒருத்தன் போன மாசம் புதுசா சேர்ந்தானே தம்பி. இருவத்திமூணு சம்பளம். அவனுக்கு இருவத்தஞ்சாயிரம் தானுங்க வரம்பு. கம்ப்யூட்டரு அவனைத் தள்ளிவிட்டிருக்குது பாருங்க.”

உண்மைதான். மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000. என் பழைய நாற்பது வரியிலும் அது இல்லை. பட்டதாரியின் பதினொரு வரியிலும் இல்லை. இருபது வருடமாக அந்தப் பெரியவரின் தலைக்குள் மட்டும் இருந்தது, யாரும் கேட்கவில்லை. வரம்பைக் கேட்பதற்கு முன்னால், ‘எந்த வரம்பு’ என்ற கேள்வியைச் சேர்த்தோம். ராத்திரி பத்தரைக்கு மேக்ரோ ஓடியது. கட்டிங் மாஸ்டருக்கு 162, அந்தப் பையனுக்கு 23,000-க்கு முக்கால் சதவீதம், 172 ரூபாய் 50 காசு, மேல்நோக்கி முழு ரூபாயாக்கி 173. 87-ஆவது ரோவில் ‘பணியாளர் எண் பொருந்தவில்லை, பார்க்கவும்’ என்று காரணப் பத்தியில் வந்தது. பட்டதாரி அந்தப் பெண்ணின் எண்ணைத் தானே திருத்தி மறுபடி ஓட்டினார். ஃபங்ஷனுக்குள் இப்போது ஐந்து அடுக்கு.